வளர்ப்புப் பாம்பின் அடிவிரிப்பும் ஈரப்பதமும்: நெல்லைச் சீமையில் புதிதாகத் தொடங்குவோருக்கு

பாம்பு வளர்க்கத் தொடங்கும் பலர், இரை எது, கூண்டு எவ்வளவு பெரியது என்ற இரண்டு கேள்விகளோடு நின்றுவிடுகிறார்கள். கூண்டின் தரையில் என்ன விரிக்கிறோம் என்பதையும், உள்ளே இருக்கும் காற்றில் எவ்வளவு ஈரம் நிற்கிறது என்பதையும்தான் அந்த உயிர் இரவும் பகலும் தன் வயிற்றாலும் மூச்சாலும் உணர்ந்துகொண்டிருக்கிறது. கடைகளில் சப்ஸ்ட்ரேட் என்றும் பெட்டிங் என்றும் சொல்லப்படும் அடிவிரிப்பைத் தேர்ந்தெடுக்கும்போதே ஈரப்பதத்தையும் பாதி தீர்மானித்துவிடுகிறோம்.

நான் பாளையங்கோட்டையில், பந்துபோலச் சுருளும் சிறு ஆப்பிரிக்க மலைப்பாம்பான பால் பைதானும் (ball python), நஞ்சில்லாத அமெரிக்கப் பாம்பான கார்ன் ஸ்நேக்கும் (corn snake) வளர்த்து வருகிறேன். முதல் கோடையில் நான் செய்த தவற்றால் ஒரு பைதானின் வயிற்றுச் செதில்கள் சிவந்து கொப்புளித்துப் போயின. அக்னி நட்சத்திர வெக்கையில் காற்று காய்கிறதே என்ற கவலையில், நாளுக்கு நான்கு முறை தெளிப்பானால் கூண்டை நனைத்தேன். ஈரப்பத மீட்டரில் எண் ஏறியது. பாம்பு படுத்திருந்த பரப்போ ஒரு நாளும் உலரவில்லை. அது முழுதாகத் தேறுவதற்குள் மூன்று முறை சட்டை உரித்துவிட்டது. காற்றில் ஈரம் இருக்க வேண்டும், வயிற்றடி உலர்ந்திருக்க வேண்டும் என்பதை அன்று கற்றுக்கொண்டேன். கீழே வரும் படிகள் எல்லாம் அந்த ஒன்றை நோக்கியவையே.

முதலில் சட்டம்

நம் மண்ணுக்குரிய பாம்புகளை வீட்டில் வளர்க்கக் கூடாது. நல்ல பாம்பு, சாரை, மலைப்பாம்பு, மண்ணுளி ஆகியவை 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தால் காக்கப்படுபவை. அவற்றைப் பிடிப்பதும் வைத்திருப்பதும் குற்றம். வாழைத் தோட்டத்தில் அகப்பட்ட குட்டியை இரக்கப்பட்டு எடுத்துவந்து வளர்த்தாலும் சட்டத்தின் முன் அது வேறல்ல. வனத்துறைக்குத் தகவல் சொல்லுங்கள். வெளிநாட்டு இனங்களில், பால் பைதான், காட்டுயிர்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் இரண்டாம் இணைப்பில் உள்ளது. 2022ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்துக்கும் 2024ஆம் ஆண்டு விதிகளுக்கும் பிறகு, அத்தகைய உயிரை வைத்திருப்போர் மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். விற்பவரிடம் பதிவுத் தாளும் ரசீதும் இல்லையென்றால் அங்கே வாங்க வேண்டாம்.

படி ஒன்று: உங்கள் பாம்புக்கு எவ்வளவு ஈரம் வேண்டும்?

எல்லாப் பாம்புக்கும் ஒரே அளவு பொருந்தாது. மேற்கு ஆப்பிரிக்காவிலும் நடு ஆப்பிரிக்காவிலும் வாழும் பால் பைதான், பகலில் எலி வளைகளுக்குள்ளும் கறையான் புற்றுகளுக்குள்ளும் ஒடுங்கிக் கிடப்பது. வெளியே நிலம் வறண்டிருந்தாலும் வளைக்குள் காற்று ஈரமாகவே இருக்கும். ஆகவே அதற்கு 55 முதல் 75 விழுக்காடு ஈரப்பதம் வேண்டும். கூண்டின் சூடான பக்கம் 31 அல்லது 32 டிகிரி செல்சியஸ், குளிர்ந்த பக்கம் 25 முதல் 27 டிகிரி இருக்கலாம். அமெரிக்காவின் தென்கிழக்கு மாநிலங்களைச் சேர்ந்த கார்ன் ஸ்நேக்குக்கு 40 முதல் 60 விழுக்காடு போதும். அதன் சூடான பக்கம் 29 முதல் 31 டிகிரி. புதியவர்களுக்கு இவ்விரண்டில் கார்ன் ஸ்நேக்கையே நான் பரிந்துரைப்பேன். ஈரப்பதத்தில் நேரும் சிறு பிழைகளை அது பைதானைவிட எளிதாகத் தாங்கிக்கொள்கிறது.

படி இரண்டு: உங்கள் வீட்டுக் காற்றை அறிந்துகொள்ளுங்கள்

வளர்ப்புக் குறிப்புகளில் பெரும்பாலானவை குளிர் நாட்டில், கணப்பு ஓடும் அறையில் இருந்து எழுதப்பட்டவை. அவற்றை அப்படியே இங்கே கடைப்பிடித்தால் ஆண்டில் பாதி நாள் தவறாகிவிடும். நெல்லைச் சீமைக்குள்ளேயே ஊருக்கு ஊர் காற்று மாறுகிறது. ஆனி, ஆடியில் தென்காசியும் குற்றாலமும் சாரலில் நனைந்துகொண்டிருக்கும்போது, 50 கிலோமீட்டருக்குச் சற்று அதிகத் தொலைவில் உள்ள திருநெல்வேலி நகரில் மலையைத் தாண்டி வந்த காற்று, ஈரத்தை மேற்கே இறக்கிவிட்டு, வெறும் உலர்காற்றாகவே வீசுகிறது. வள்ளியூர், இராதாபுரம் பக்கத்தில் அந்தக் காற்று இன்னும் கடுமை. உவரி போன்ற கடற்கரை ஊர்களில் கோடை இரவிலும் காற்று பிசுபிசுக்கும். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை இறங்கிவிட்டால் எல்லா ஊரும் ஒன்றுபோலத்தான். என் அறையில் மே மாத மதியத்தில் 35 விழுக்காட்டையும் ஐப்பசி அடைமழையில் 90 விழுக்காட்டையும் பார்த்திருக்கிறேன். ஒரே விரிப்பை ஒரே விதமாக நனைத்து ஆண்டு முழுவதையும் ஓட்ட இந்த ஊரில் முடியாது.

அளப்பதற்கு முன், ஈரப்பதம் என்ற எண் எதைச் சொல்கிறது என்று தெரிந்திருப்பது நல்லது. சூடான காற்று குளிர்ந்த காற்றைவிட அதிக நீராவியை ஏந்தும். மீட்டர் காட்டும் விழுக்காடு, அந்த வெப்பநிலையில் ஏந்தக்கூடிய நீராவியில் எவ்வளவு பங்கு இப்போது காற்றில் இருக்கிறது என்பதே. 25 டிகிரியில் 80 விழுக்காடு ஈரத்தோடு இருக்கும் காற்றை, ஒரு சொட்டு நீரையும் எடுக்காமல் 32 டிகிரிக்குச் சூடாக்கினால், எண் ஏறக்குறைய 53 விழுக்காடாக இறங்கிவிடும். கூண்டின் சூடான மூலையில் 50, குளிர்ந்த மூலையில் 75 என்று மீட்டர் காட்டினால் கருவி கெட்டுவிட்டது என்று பதற வேண்டியதில்லை. இரு மூலையிலும் இருப்பது ஏறக்குறைய ஒரே அளவு நீர்தான். ஆகவே மீட்டரைச் சூடான பக்கத்தில் ஒன்றும் குளிர்ந்த பக்கத்தில் ஒன்றுமாக, பாம்பு கிடக்கும் உயரத்தில் வையுங்கள். கூண்டின் கூரையில் ஒட்டிய மீட்டர் பாம்பு சுவாசிக்காத காற்றைத்தான் அளக்கிறது.

முள் சுழலும் வட்ட மீட்டர்களை வாங்காதீர்கள். அவை 15, 20 விழுக்காடு வரை பிசகுவதை நானே கண்டிருக்கிறேன். கம்பியில் உணரி தொங்கும் டிஜிட்டல் மீட்டர் போதும். வாங்கியதும் அதைச் சமையலறை உப்பைக் கொண்டு சோதித்துவிடலாம். ஒரு பாட்டில் மூடியில் உப்பை நிரப்பி, உப்பு கரையாமல் ஈரமணல் போல ஆகும் அளவுக்குச் சில சொட்டுத் தண்ணீர் விடுங்கள். மூடியையும் மீட்டரையும், ஒன்றோடு ஒன்று படாமல், காற்றுப் புகாத ஒரு பையிலோ டப்பாவிலோ வைத்து மூடி, எட்டு மணி நேரம் அசையாமல் விடுங்கள். ஈர உப்பின் மேலுள்ள காற்று, நம் அறை வெப்பத்தில், 75 விழுக்காட்டில் நிற்கும். இது உப்பின் இயல்பு. உங்கள் மீட்டர் 70 காட்டினால் அது 5 குறைத்துச் சொல்கிறது என்று அதன் முதுகில் எழுதி ஒட்டிவிடுங்கள். இரவு படுக்கும் முன் வைத்தால் காலையில் முடிந்துவிடும் இந்தச் சோதனையைத் தள்ளிப்போடாதீர்கள், ஏனெனில் பின்னால் செய்யும் ஒவ்வொன்றும் இந்த எண்ணை நம்பித்தான் இருக்கிறது.

படி மூன்று: விரிப்பைத் தேர்ந்தெடுத்தல்

புதிதாக வந்த பாம்புக்கு முதல் இரண்டு மாதம் வெறும் காகிதமே விரியுங்கள். அச்சிடாத வெள்ளைத் தாள், சமையலறை டிஷ்யூ, பழைய செய்தித்தாள் எதுவும் ஆகும். காகிதம் பார்க்க அழகாக இராது, ஈரத்தையும் பிடித்து வைக்காது. ஆனால் பாம்பின் கழிவு எப்படி இருக்கிறது, கழிவோடு வரும் சுண்ணாம்பு போன்ற வெள்ளைப் பகுதி இயல்பாக இருக்கிறதா, கறுப்புப் புள்ளிகளாக உண்ணி ஊர்கிறதா என்பனவெல்லாம் வெள்ளைத் தாளில்தான் தெளிவாகத் தெரியும். உண்ணியோடு வந்த பாம்பை நேரே தேங்காய் நார்த்தூளில் விட்டுவிட்டால், பிறகு அந்தக் கூண்டிலிருந்து உண்ணியை ஒழிப்பது பெரும்பாடு. காகிதத்தில் இருக்கும் காலத்தில் ஈரத்துக்கு வேண்டியதைப் பின்னால் சொல்லப்போகும் ஈரப் பானை பார்த்துக்கொள்ளும்.

அதற்குப் பிறகு நிரந்தர விரிப்பாக நம் பக்கத்துக்கு மிகப் பொருத்தமானது தேங்காய் மட்டையிலிருந்து வருவதுதான். வெளிநாட்டில் உறை போட்டு விலைக்கு விற்கும் அதே பொருள் தென்காசி, கடையம் பக்கத்து நார் ஆலைகளில் கழிவாகக் குவிந்து கிடக்கிறது. நார்த்தூள் தன் எடையைப் போலப் பல மடங்கு நீரைக் குடித்து மெல்ல மெல்ல விடுவதால், காற்றுக்கு ஈரம் தர இதைவிடச் சிக்கனமான வழி இல்லை. மட்டையைச் சிறு சிறு துண்டாக வெட்டிய சில்லுகளும் கிடைக்கின்றன. அவை நீரை அடியில் இறக்கிவிட்டு மேலே விரைவில் உலர்ந்துவிடும். தூள் இரண்டு பங்கு, சில்லு ஒரு பங்கு என்று கலப்பதையே நான் பல ஆண்டுகளாகச் செய்துவருகிறேன். தூள் மட்டும் இருந்தால் கோடையில் தூசி கிளம்பிப் பாம்பின் மூக்கிலும் உதட்டுச் செதில்களிலும் ஒட்டும். சில்லு மட்டும் இருந்தால் புதைந்து கிடக்க விரும்பும் பாம்புக்கு இடம் கிடைக்காது.

வாங்கும்போது இரண்டு விஷயம் பாருங்கள். ஒன்று, செடிக்கு விற்கும் நார்த்தூளில் பெரும்பாலும் மண்புழு உரமோ வேப்பம் பிண்ணாக்கோ கலந்திருப்பார்கள், அது ஆகாது. நர்சரியில், "அண்ணாச்சி, உரம் ஒண்ணும் கலக்காத வெறும் நார்த்தூள் கட்டி இருக்கா?" என்று வாய்விட்டுக் கேளுங்கள்; கேட்டால் உள்ளதைச் சொல்வார்கள். மற்றொன்று உப்பு. மட்டையில் இயல்பாகவே உப்பு உண்டு. உவர்நீரில் ஊறவைத்த மட்டையாக இருந்தால் இன்னும் அதிகம். கழுவித்தான் பயன்படுத்த வேண்டும்.

கார்ன் ஸ்நேக் வளர்ப்போர் உலகெங்கும் விரும்புவது ஆஸ்பென் என்னும் மரத்தின் சீவல். அது நம் ஊரில் இறக்குமதிச் சரக்காகத்தான் கிடைக்கும். கிடைத்தால் நல்லது, ஆனால் நனைந்தால் மிக விரைவில் பூஞ்சை பிடிக்கும் என்பதால் மழைக்காலத்தில் நான் அதைத் தொடுவதில்லை.

கூடாதவற்றைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனெனில் நம் பக்கத்தில் இலவசமாகக் கிடைப்பவை பெரும்பாலும் கூடாதவையே. மர அறுவை மில்லின் தூளும் தச்சர் இழைக்கும் சுருளும் எந்த மரத்தினுடையவை என்று உறுதியாகச் சொல்ல முடியாது. செடார், பைன் போன்ற மணமுள்ள மரங்களின் எண்ணெய் ஆவி பாம்பின் நுரையீரலுக்குத் தீங்கு. பொருள்கள் வரும் பொதிப்பெட்டிகள் பெரும்பாலும் பைன்தான். தேக்குத் தூள் மனிதருக்கே தும்மலும் அரிப்பும் தருவது. நெல் உமி மலிவுதான், ஆனால் அதன் மேல்தோலில் சிலிக்கா மிகுதி. கூர்நுனி வயிற்றுச் செதில்களின் இடுக்கில் குத்தும், இரையோடு ஒட்டி வாய்க்குள்ளும் போகும். வைக்கோல் ஈரம் பட்டால் பூஞ்சை பிடித்துவிடும், வயலிலிருந்து பூச்சிகளையும் கொண்டுவரும். ஆற்றுமணலும் சிவந்த தேரிமணலும் பார்க்க இயற்கையாகத் தோன்றினாலும், நுண்மணல் இரையோடு விழுங்கப்பட்டுக் குடலில் தங்கலாம்; கூண்டுக் காற்றின் ஈரத்துக்கும் அது உதவுவதில்லை. பத்தமடைப் பாய்த் துண்டை விரிக்கலாமா என்றும் சிலர் கேட்கிறார்கள். கோரை கழிவின் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும், பாவு நூலின் இடுக்கைக் கழுவித் தூய்மையாக்கவும் முடியாது. அந்த அருமையான நெசவு வீட்டுக் கூடத்திலேயே இருக்கட்டும்.

மேலே தூவ உலர்ந்த மா இலை, பலா இலை நல்லவை. பாம்புக்கு மறைவும் கிடைக்கும். பூச்சிமருந்து அடிக்காத வீட்டு மரத்தின் இலையாக எடுத்து, வெயிலில் நன்கு காயவைத்துச் சருகாக்கிக்கொள்ளுங்கள். களக்காடு முண்டந்துறைக் காட்டிலிருந்து சருகு அள்ளிவருவது சட்டப்படி குற்றம்.

படி நான்கு: நார்த்தூளைப் பதப்படுத்துதல்

நர்சரிகளில் கிடைக்கும் 5 கிலோ கட்டி ஊறினால் ஏறக்குறைய 65 முதல் 75 லிட்டர் தூளாக விரியும். ஒரு பாம்புக்கு அது ஆண்டு முழுதும் வரும். வேண்டிய அளவு உடைத்து, பெரிய வாளியில் போட்டு, வெதுவெதுப்பான நீரை ஊற்றி அரைமணி நேரம் விடுங்கள். முதல் நீர் தேயிலைச் சாயம் போலக் கறுத்து வரும்; அதில்தான் உப்பு இருக்கிறது. பழைய மெல்லிய துணியில் கட்டிப் பிழிந்து கொட்டிவிட்டு, மறுபடி நல்ல தண்ணீர் விடுங்கள். நீர் வெளுத்து வரும்வரை மூன்று நான்கு முறை இப்படிச் செய்ய வேண்டும். கிணற்று நீர் உவராக உள்ள ஊர்க்காரர்கள் கடைசி அலசலுக்காவது தாமிரபரணிக் குடிநீரையோ மழைநீரையோ எடுத்துக்கொள்ளுங்கள்.

பிழிந்த தூளை மொட்டைமாடியில் தார்ப்பாய் விரித்துப் பரப்பி, கிளறிவிட்டுக் காயவையுங்கள். எவ்வளவு ஈரம் நிற்க வேண்டும் என்பதற்கு மீட்டர் வேண்டாம், புட்டுக்கு மாவு விரவத் தெரிந்த கை போதும். ஒரு பிடி அள்ளி இறுக்கினால் கொழுக்கட்டை போலப் பிடிபட வேண்டும், விரல் இடுக்கில் ஒரு சொட்டும் கசியக் கூடாது, பெருவிரலால் தட்டினால் பொலபொலவென்று உதிர வேண்டும். கசிந்தால் இன்னும் ஒரு மணி நேரம் காயட்டும். பிடிபடாமலே உதிர்ந்தால் நீர் தெளித்து விரவுங்கள். இது பைதானுக்கான பதம். கார்ன் ஸ்நேக்குக்கு இதையும் தாண்டி, கையில் ஈரம் ஒட்டாத அளவுக்குக் காயவிட வேண்டும்.

படி ஐந்து: கூண்டில் அமைத்தல்

விரிப்பு 5 முதல் 8 சென்டிமீட்டர் ஆழம் இருக்கட்டும். ஒரு விரற்கடை உயரத்துக்குத் தூவிவிட்டு ஈரம் நிற்கவில்லை என்று வருந்திப் பயனில்லை. ஆழம்தான் ஈரத்தின் சேமிப்பு. நீர் தீரும்போது மேலிருந்து தெளிக்காமல், கூண்டின் நான்கு மூலைகளிலும் குவளையால் மெதுவாக ஊற்றுங்கள். நீர் அடியில் இறங்கிப் பரவும், மேல்படலம் உலர்ந்தே இருக்கும், சூட்டில் அடிநீர் ஆவியாகி மேலே வந்துகொண்டிருக்கும். மூன்றடிக் கூண்டுக்கு ஒரு முறைக்கு அரை லிட்டரில் தொடங்கி, இரண்டு நாள் மீட்டரைப் பார்த்துக் கூட்டவோ குறைக்கவோ செய்யலாம். விரலை விட்டுப் பார்த்தால் மேல் இரண்டு சென்டிமீட்டர் உலர்ந்தும், அதன் கீழ் குளிர்ந்தும் தட்டுப்பட வேண்டும். தெளிப்பானால் அடிப்பது மீட்டரின் எண்ணை அரைமணி நேரத்துக்கு ஏற்றிக்காட்டும். பிறகு எண் இறங்கிவிடும், நனைந்த பரப்பு மட்டும் மிஞ்சும்.

சூட்டுக்குக் கூண்டின் அடியில் ஹீட் மேட் என்னும் மின்சூட்டுத் தகட்டை வைத்திருப்போர் ஓர் எச்சரிக்கையை மனத்தில் கொள்ள வேண்டும். தடித்த விரிப்பு சூட்டை மேலே விடாமல் அடியில் அடைத்து வைக்கும். மேலே 30 டிகிரி இருக்கும்போது, புதைந்து போகும் பாம்பு தொடும் அடித்தளம் அதைவிட மிகச் சூடாக இருக்கலாம். சூட்டை அளவோடு நிறுத்தும் தெர்மோஸ்டாட் கருவி இல்லாமல் ஹீட் மேட்டை ஒருபோதும் ஓட்டாதீர்கள். தெர்மோஸ்டாட்டின் உணரியை விரிப்பின் மேல் வைக்காமல், அடித்தளத்திலேயே வையுங்கள். நம் ஊரில் ஆண்டின் பெரும்பகுதி பகலில் அந்தச் சூடே தேவைப்படாது.

வலைமூடி போட்ட கண்ணாடித் தொட்டியில் நீராவி மேலே தப்பிவிடும். மூடியின் மூன்றில் இரண்டு பங்கை அக்ரிலிக் தகட்டால் மூடுங்கள், ஒரு பங்கு திறந்தே இருக்கட்டும். பக்கத்தில் துளையிட்ட பிளாஸ்டிக் பெட்டி ஈரத்தை நன்றாகப் பிடிக்கும். மழைக்காலத்தில் அதுவே அதன் குறையும் ஆகிவிடுகிறது. தண்ணீர்க் கிண்ணம் பாம்பு முழுதும் சுருண்டு படுக்கக்கூடிய அகலம் இருந்தால் நல்லது. கோடையில் அதைச் சூடான பக்கம் நகர்த்தினால் ஈரம் ஏறும், மழையில் குளிர்ந்த பக்கம் நகர்த்தினால் குறையும்.

ஈரப் பானையை எல்லோரும் வைக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. காருக்குறிச்சியில் சுடும் மெருகிடாத சிறு மண்சட்டி ஒன்றை வாங்கி, பாம்பின் உடல் பருமனைப் போல ஒன்றரை மடங்கு அகலத்தில் வாய் ஒன்றை விளிம்பில் உடைத்தோ துளைத்தோ எடுத்து, கூர்முனை போகும்வரை உப்புத்தாளால் தேய்த்து, ஒரு மணி நேரம் நீரில் ஊறவைத்துக் கவிழ்த்து வையுங்கள். உள்ளே, நீரைப் பிடித்து வைக்கும் ஸ்பாக்னம் பாசியைப் பிழிந்து ஒரு பிடி வையுங்கள். குடிநீர்ப் பானையைக் குளிரவைக்கும் அதே மண், தன் துளைகளின் வழியே நீரைக் கசிய விட்டு, பானைக்குள் எப்போதும் ஈரக் காற்றை வைத்திருக்கும். ஆவியாதல் குளிரவும் வைக்கும் என்பதால் அதைக் குளிர்ந்த மூலையில் வைக்காமல், நடுவில் சற்றுச் சூடான பக்கமாக வையுங்கள். இதே அளவில் உலர்ந்த மறைவிடம் ஒன்றும் வேறு இடத்தில் இருக்கட்டும். ஈரம் வேண்டுமா வேண்டாமா என்பதைப் பாம்பே தெரிந்தெடுத்துக்கொள்ளும். நாம் எண்ணைத் துரத்திக்கொண்டு இருப்பதைவிட அதன் தெரிவைக் கவனிப்பதே நமக்கு அதிகம் கற்றுத்தரும். நாள் முழுக்க ஈரப் பானையிலேயே கிடந்தால் கூண்டு காய்கிறது; அதன் பக்கமே போகாவிட்டால் கூண்டில் ஈரம் போதும்.

பருவத்துக்கு ஏற்ப மாற்றுதல்

பங்குனி முதல் வைகாசி வரை உலர்ந்த வெக்கை. இக்காலத்தில் அறை வெப்பமே 36 டிகிரியைத் தொட்டுவிடுகிறது. ஈரத்தைவிடச் சூடே முதல் ஆபத்து. கூண்டை மேல்மாடி அறையிலிருந்து கீழ்த்தளத்துக்கு இறக்குங்கள். ஓட்டு வீட்டின் கீழறை கான்கிரீட் மாடியறையைவிட எவ்வளவோ மேல். ஏர் கூலர் காற்றில் ஈரத்தைச் சேர்க்கும், ஏசி ஈரத்தை எடுத்துவிடும். எது ஓடுகிறதோ அதற்கேற்பத் தண்ணீர் ஊற்றும் அளவு மாறும். ஏசி அறையில் வாரம் இரு முறை மூலையில் ஊற்ற வேண்டியிருக்கும்.

ஆடிக்காற்றில் நகரத்துக்காரர்கள் சன்னலோரத்திலிருந்து கூண்டை நகர்த்தினாலே பாதிக் கவலை தீரும். ஐப்பசி தொடங்கியதும் நான் சில்லின் பங்கை இரட்டிப்பாக்கி, தண்ணீர் ஊற்றுவதை நிறுத்தி, மூடியின் அக்ரிலிக்கை எடுத்துவிடுகிறேன். கார்ன் ஸ்நேக்குக்கு அந்த இரண்டு மாதம் காகிதத்துக்கே திரும்பிவிடுவதும் உண்டு. காற்றிலேயே 85, 90 விழுக்காடு இருக்கும்போது ஈரப்பதத்தைக் குறைப்பது கடினம். அப்போது கவனிக்க வேண்டியது மீட்டரின் எண் அல்ல, விரிப்பின் பரப்பு உலர்ந்திருக்கிறதா, காற்று ஓடுகிறதா என்பதே. அறையில் மின்விசிறியை மெதுவாகச் சுழலவிடுங்கள், கூண்டின் மேல் நேரே படாதபடி.

தூய்மையும் நோயின் அறிகுறிகளும்

கழிவை அன்றன்றே சுற்றியுள்ள விரிப்போடு அள்ளிவிடுங்கள். முழு விரிப்பையும் மூன்று மாதத்துக்கு ஒரு முறையும், மழைக்காலத்தில் ஆறு வாரத்துக்கு ஒரு முறையும் மாற்றுங்கள். வெள்ளை நூல் போலப் பூஞ்சை தெரிந்தாலோ புளித்த வாடை வந்தாலோ நாள் பார்க்காமல் மாற்றிவிட வேண்டும். கூண்டைச் சோப்பு நீரால் கழுவி, ஒரு பங்கு பிளீச்சுக்கு முப்பது பங்கு தண்ணீர் கலந்து பத்து நிமிடம் ஊறவிட்டு, வாடை போகும்வரை அலசி, வெயிலில் காயவையுங்கள். பினாயிலைத் தொடவே தொடாதீர்கள். அதிலுள்ள பீனால் வகைப் பொருள்கள் ஊர்வனவற்றுக்கு நஞ்சு. அந்துருண்டை, கொசுவர்த்திச் சுருள், எறும்புச் சாக்பீஸ் ஆகியவையும் அந்த அறைக்குள் வரக் கூடாது. எறும்பு தொல்லையென்றால், பலகாரத் தட்டைத் தண்ணீர்க் கிண்ணத்தின் நடுவில் வைக்கும் பழைய வழக்கப்படி, கூண்டு நிற்கும் மேசையின் கால்களுக்குக் கீழே தண்ணீர்க் கிண்ணங்களை வையுங்கள். பாம்பின் உடலில் சால்மோனெல்லா கிருமி இருக்கலாம் என்பதால், கூண்டுச் சாமான்களைச் சமையலறைத் தொட்டியில் கழுவாதீர்கள், கையைச் சோப்பால் கழுவுங்கள்.

வாரம் ஒரு முறை வயிற்றைத் திருப்பிப் பாருங்கள். செதில்களின் ஓரம் பழுப்பாகவோ சிவப்பாகவோ மாறுவதும், நீர்க்கொப்புளம் எழுவதும் செதில் அழுகலின் தொடக்கம். உடனே காகிதத்துக்கு மாற்றுங்கள். மூச்சில் விசில் சத்தம், மூக்கிலோ வாயிலோ நுரை, வாயைத் திறந்தபடி தலையை மேலே தூக்கி வைத்திருத்தல் ஆகியவை நுரையீரல் தொற்றின் அடையாளங்கள். இவை இரண்டுக்கும் கைவைத்தியம் வேண்டாம். இராமையன்பட்டியில் அரசு கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. ஊர்வனவற்றைப் பார்க்கும் மருத்துவர் எந்த நாளில் இருப்பார் என்று, நோய் வருவதற்கு முன்பே விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள்.

சட்டை உரிக்கும் நாள்கள்

இத்தனை ஏற்பாடும் சரியா தவறா என்று சொல்லும் நாள் அதுதான். முதலில் நிறம் மங்கும், வயிறு இளஞ்சிவப்பாகும், கண் பால் கலந்த நீலமாக மாறும். பாம்புக்குப் பார்வை மங்கியிருக்கும் அந்நாள்களில் கையில் எடுக்காதீர்கள், இரையும் வைக்காதீர்கள். சில நாளில் கண் மறுபடி தெளியும். அதைக் கண்டு உரித்துவிட்டது என்று எண்ணிவிடாதீர்கள், தெளிந்த பின் இன்னும் மூன்று முதல் ஐந்து நாளில்தான் சட்டை கழலும். கண் மங்கியதிலிருந்து சட்டை கழலும் வரை ஈரப்பதத்தைப் பத்து விழுக்காடு கூட்டி, ஈரப் பானையின் பாசியைப் புதிதாக நனைத்து வையுங்கள்.

துண்டு துண்டாக உரிந்தால் கையால் பிய்க்க வேண்டாம். 28 முதல் 30 டிகிரி வெதுவெதுப்பான நீரை அதன் உடல் உயரத்தில் பாதிக்கு மேல் போகாமல் ஒரு பெட்டியில் விட்டு, பக்கத்தில் இருந்து பார்த்தபடியே அரைமணி நேரம் படுக்கவிடுங்கள். பிறகு ஈரத் துண்டின் மடிப்புகளுக்குள் ஊர்ந்து போகவிட்டால், மிஞ்சியது தானாகக் கழன்றுவிடும். கண்ணின் மேல் ஒட்டிய படலத்தை மட்டும் நகத்தாலோ இடுக்கியாலோ தொடாதீர்கள். அடுத்த உரிப்பில் போகாவிட்டால் மருத்துவர் பார்க்கட்டும்.

உரிந்த சட்டையைத் தூக்கி எறியும் முன், ஒரு தட்டில் நீர் விட்டு அதை மிதக்கவிடுங்கள். சுருங்கிக் கிடந்த தோல் மெல்ல விரிந்து, வாய்விளிம்பில் தொடங்கி உள்வெளியாகத் திரும்பிய காலுறை போல இருக்கும். தலைப் பகுதியை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால், இரு கண் இருந்த இடத்திலும் கண்ணாடிச் சில்லு போலத் தெளிந்த இரு வட்டங்கள் தெரிய வேண்டும். அவை ஓட்டையாக இருந்தால் படலம் பாம்பின் கண்ணிலேயே தங்கிவிட்டது. வாலின் நுனி ஊசிபோல முடிந்திருக்க வேண்டும். வெட்டுண்டது போல நின்றிருந்தால், நுனித் தோல் வாலில் மோதிரம் போல இறுகிக்கொண்டிருக்கிறது, அது இரத்த ஓட்டத்தை நிறுத்தி வாலையே கருகவைக்கும். கண் வட்டம் இரண்டும் இருந்ததா, வால் நுனி முழுதா, எத்தனை துண்டாக உரிந்தது, அந்த வாரம் மீட்டர் காட்டிய எண் என்ன என்பனவற்றைத் தேதியோடு ஒரு நோட்டில் எழுதி, சட்டையை அதே பக்கத்தில் ஒட்டி வையுங்கள்.